அளவு ஜாக்கெட்

ஒரு விடுகதை போடட்டுமா? உங்களுக்கு மருந்து ஏற இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரை சும்மாதானே உட்கார்ந்திருக்கப் போகிறீர்கள். கேளுங்கள். படி இல்லாமல் அளப்பார்கள், தராசு இல்லாமல் நிறுப்பார்கள், என்ன எடுத்தீர்கள் என்று கேட்டால் எதையும் தொடவில்லையே என்பார்கள். அது என்ன?

ரொம்ப யோசிக்க வேண்டாம். உங்கள் மடியில் இருக்கிறதே, அந்தத் தாள்தான்.

ஷைனி கொடுத்துவிட்டுப் போனாளா? இங்கே கவுன்சிலிங் பார்க்கிற பெண், கழுத்தில் அட்டை தொங்கும், ஒல்லியாக இருப்பாள், அவள்தானே? சிரித்துக்கொண்டேதான் கொடுத்திருப்பாள். இதில் சரி, தப்பு எதுவும் இல்லை அக்கா, மனதில் பட்டதைக் குறியுங்கள் என்று சொல்லியிருப்பாள். எனக்கும் அப்படித்தான் சொன்னாள். பேனாவை மூடி வையுங்கள். முதலில் நான் சொல்வதைக் கேட்டுவிட்டு அப்புறம் குறியுங்கள்.

நம் பயத்தையும் கவலையையும் அளக்கிறார்களாம். பதினாறு கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் நாலு கட்டம். எப்போதும், அடிக்கடி, எப்போதாவது, இல்லவே இல்லை. கட்டத்துக்குத் தகுந்தபடி மார்க். ஆனால் பள்ளிக்கூடம் மாதிரி இல்லை, இதில் மார்க் குறைந்தால்தான் பாஸ். கூடினால் பெயில். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். நானாகத்தான் கண்டுபிடித்தேன்.

எனக்குக் கோவில்பட்டி. ரயில்வே கேட் தாண்டி வீடு. பத்தொன்பது வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன், கனகமணி டைலர் என்றால் தெரியும். அளவு எடுப்பது என் தொழில். அதனால் அளக்க வருகிறவர்களை நான் சுலபத்தில் நம்பமாட்டேன். டேப்பைச் சுற்றினதும் பெண்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். மெலிவாகக் காட்ட வேண்டுமாம். அந்த அளவுக்கே வெட்டினால் கொக்கி போட முடியாது. நான் ஒன்றும் சொல்லமாட்டேன். மனசுக்குள் அரை அங்குலம் கூட்டிக்கொண்டு நோட்டில் எழுதுவேன். எந்த அளவும் எடுத்தபடியே இருப்பதில்லை. இது பத்தொன்பது வருடத்துப் பாடம்.

உங்களுக்கு எந்தப் பக்கம்? எனக்கு வலது மார்பு. ஆடி மாதம் எடுத்தார்கள். ஜாக்கெட்டுக்கு உள்ளே வைக்கப் பஞ்சு வைத்துத் தைக்கச் சொல்வார்கள். வெறும் பஞ்சு வைத்தால் அது மேலே ஏறிக்கொள்ளும். ஒரு பிடி கேழ்வரகு சேர்த்துத் தையுங்கள், நிற்கும். அப்புறமாக வரைந்து காட்டுகிறேன்.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ராமலட்சுமியைப் பற்றி இன்னும் சொல்லவில்லையே. என் வீட்டுக்காரருடைய தங்கை. அவள் வீடு ஊருக்குள்ளே, பள்ளிக்கூடத்துக்குப் பின் தெருவில். இரண்டும் பையன்கள். பெண்பிள்ளை இல்லாத வீடு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் நாலைந்து நாள்தான் வீடு. எங்களுக்கு ஒரே மகள், சுபிக்ஷா. ஏழாம் வகுப்பு.

ஆபரேஷனுக்குப் படுத்தபோது ராமலட்சுமிதான் கூட வந்தாள். வந்தாள், இல்லை என்று சொல்லவில்லை. பன்னிரண்டு நாள் இருந்தாள், தலை வாரிவிட்டாள், புண்ணுக்குப் போட்ட குழாயில் எவ்வளவு வடிந்தது என்று எழுதிவைத்தாள். ஆனால் அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று என் ஃபைலில் ஒரு இடம் இருக்கிறது. அங்கே அவள் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். அவர் ரோட்டில் இருந்தால் போன் கிடைப்பதில்லை மதினி, அதனால்தான் என்றாள். காரணம் எல்லாருக்கும் இருக்கும்.

வீட்டுக்கு வந்த மறுநாள் சொன்னாள்: “மருந்து ஏத்தி முடியற வரைக்கும் சுபி எங்கூட இருக்கட்டுமே, மதினி. உங்களுக்கும் ஒரு வேலை குறையும்.”

குறையுமாம். ஆறு தடவை மருந்து, இருபத்தொரு நாளுக்கு ஒரு தடவை. கணக்குப் போடுங்கள், நாலு மாதத்துக்கு மேல். நாலு மாதம் ஒரு பிள்ளை ஒரு வீட்டில் இருந்தால் அது எந்த வீட்டுப் பிள்ளை? எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அப்படியே வைத்துக்கொள்ளலாம், அலைச்சல் இல்லை. நான் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். இது பயம் இல்லை. ஜாக்கிரதை.

முதல் தடவை மருந்து ஏற்ற வந்த அன்று, அதோ அந்தத் தண்ணீர் பில்டர் பக்கத்தில் ராமலட்சுமியும் ஷைனியும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஷைனி சிரித்தாள். ராமலட்சுமி பாட்டிலில் தண்ணீர் பிடித்தாள். அரை மணி நேரம் கழித்து ஷைனி இந்தத் தாளைக் கொண்டுவருகிறாள். ஒன்பதாவது கேள்வியைப் படியுங்கள். ‘வீட்டுப் பொறுப்புகளைக் கவனிக்க முடியவில்லை என்று தோன்றுகிறதா?’ பார்த்தீர்களா? இது எதற்கு ஆஸ்பத்திரிக்கு? யாருக்கு வேண்டும் இந்த விவரம்? அம்மாவுக்கு மனசு சரியில்லை, பிள்ளையைப் பார்க்க முடியாது என்று ஒரு தாளில் சீல் வைத்துக் கொடுத்துவிட்டால், அப்புறம் நான் யாரிடம் போய் நிற்பது? எங்கள் பஸ்ஸில் ஒரு அம்மா சொன்னார், யாரோ ஒருத்திக்கு மார்க் கூடிவிட்டதால் வேறு வார்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். யார், எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாத அளவுக்கு மறைத்திருக்கிறார்கள்.

ஆனால் நானும் சும்மா இருக்கவில்லை. எழுத்து தெரியாதவர்களுக்கு ஷைனி பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவாள். அன்றைக்கு எனக்கு முன்னால் மெஹருன்னிசா. கடையநல்லூர், அறுபது வயது இருக்கும். முடி எல்லாம் கொட்டி, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வந்ததுபோல உட்கார்ந்திருப்பார். தூக்கம் வருகிறதா என்று கேட்டதற்கு, படுத்தால் எழுப்பத்தான் ஆள் வேண்டும் என்றார். ஏதாவது கெட்டது நடந்துவிடும் என்று தோன்றுகிறதா? நடக்க வேண்டியதுதான் நடந்துவிட்டதே, இனி என்ன என்றார். ஷைனி கூட்டிப் பார்த்தாள். நாலு மார்க். நல்லா இருக்கீங்கம்மா என்று சொல்லித் தாளை வைத்துவிட்டாள். அவ்வளவுதான், விட்டுவிட்டாள்.

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் அளவு எடுக்கவே விடமாட்டார்கள். நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, இதைப் போல தைத்துவிடுங்கள் என்பார்கள். அளவு ஜாக்கெட். நானும் அதைத்தான் செய்தேன். மெஹருன்னிசாவின் பதில்தான் எனக்கு அளவு ஜாக்கெட். பதினாறையும் வரிசையாக மனப்பாடம் பண்ணிக்கொண்டேன்.

என் முறை வந்தது. எனக்கும் வாசித்தே கேள் என்று சொல்லி, ஷைனி வாசிக்க வாசிக்கப் பதில் சொன்னேன். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. பதினாறு முடிந்து கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது பாருங்கள், அதற்குக் கட்டம் கிடையாது. உங்களுக்கு ஆறுதல் தருவது எது என்று கேட்கும். மெஹருன்னிசா தொழுகை, பேரன்மார் என்று சொல்லியிருந்தார். தொழுகை என்று வாய்வரை வந்துவிட்டது. சட்டென்று சுதாரித்து, சாமி கும்பிடுவது என்றேன். அளவு ஜாக்கெட்டிலும் கை நீளத்தை மட்டும் மாற்றித் தைப்பது உண்டு. அந்தச் சந்தோஷத்தில் பேரன்மார் என்பதையும் சொல்லிவிட்டேன்.

ஷைனி நிமிர்ந்து பார்த்தாள். “அக்கா, உங்களுக்குப் பேரனா?”

எனக்கு நாற்பத்தொரு வயது. பெரியம்மா வழியில் பேரன் முறையாகும் ஒருவன் இருக்கிறான் என்றேன். அவன் பெயர் என்ன என்றாள். பெயர் உடனே வரவில்லை. மணிகண்டன் என்று சொல்வதற்குள் அவள் தாளில் ஏதோ எழுதிவிட்டாள். என் மார்க்கும் நாலு. மெஹருன்னிசாவுக்கு வந்ததேதான். அப்படியும் என்னை விடவில்லை. நல்லா இருக்கீங்க என்று சொல்லவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாக நிரப்பி அடுத்த தடவை கொண்டு வாருங்கள் என்று இன்னொரு தாளைக் கொடுத்தாள். அதே பதினாறு கேள்வி. பாஸான பிள்ளைக்கு யாராவது மறுபடி பரீட்சை வைப்பார்களா?

அன்றிலிருந்து நான் இன்னும் கவனமாக இருந்தேன். சுபியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின் தெருதானே ராமலட்சுமி வீடு? சாயங்காலம் நேரே அங்கே கூட்டிக்கொண்டு போய்விட்டால்? அத்தை கூப்பிட்டால் பிள்ளை போகத்தானே செய்யும்? நாலு நாள் என்று நினைத்தேன், அப்படியே நீண்டுவிட்டது. அவளுடைய டீச்சர் போன் செய்தார். காய்ச்சல் என்றேன். அடுத்த வாரமும் செய்தார். அப்போதும் காய்ச்சல் என்றேன். டீச்சருக்கு என் நம்பரை யார் கொடுத்தது என்று கேட்டேன். அட்மிஷனில் நீங்கள்தான் கொடுத்தீர்கள் என்றார்.

படுக்கும்போது சுபியின் கையை என் முந்தானையில் முடிந்துகொள்வேன். தடவிப் பார்த்தால் இருக்கிறாளா என்று தெரிய வேண்டும் அல்லவா? அப்படியும் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டுப் பார்ப்பேன். ம் என்பாள். அது போதும். தொழிலையும் விடவில்லை. ஒரு பச்சை ஜாக்கெட் மிஷினில்தான் இருந்தது. தோள்பட்டை சரியாக விழவில்லை, பிரித்துத் தைத்தேன். மறுபடி பிரித்தேன். வந்தவர்களை மட்டும், இப்போது கை வலிக்கிறது, மேலத்தெரு டைலரிடம் கொடுங்கள் என்று அனுப்பினேன். ராமலட்சுமி நாலைந்து தடவை சோறு கொண்டுவந்தாள். வாசலில் வைத்துப் போகச் சொன்னேன். மருந்து ஏற்றினவர்களுக்குத் தொற்று ஆகாது என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருக்கிறார்கள். இதெல்லாம் பயம் இல்லை. ஜாக்கிரதை.

அடுத்த மருந்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்தத் தாளை எடுத்தேன். பேனாவும் எடுத்தேன். அப்போதுதான் ஒன்று தோன்றியது. என் கைப்பட எழுதிக் கொடுத்தால் அது ஆதாரம். நாளைக்கு இதை யாரிடம் காட்டினாலும், ஆமாம் கனகமணி எழுத்துதான் என்பார்கள். என் நோட்டை ஊரே பார்த்திருக்கிறது. வேறு எழுத்தாக இருந்தால், நான் எழுதவில்லை என்று சொல்லலாம். சுபியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

கேள்வியை அவள் வாசித்தாள். நான் பதில் சொன்னேன். இந்தத் தடவை பேரன்மாரை விட்டுவிட்டேன். மூன்றாவது கேள்வியில் பேனாவை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நெஜமாவே இதைத்தான் குறிக்கணுமாம்மா?”

“நான் சொல்றதைக் குறி.”

அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து எழுதினாள். சும்மா டிக் அடிக்க இவ்வளவு நேரமா என்று கேட்டேன், அழகாக அடிக்கிறேன் என்றாள். முடித்ததும் கவரில் போட்டு உடனே ஒட்டச் சொன்னேன். வழியில் ராமலட்சுமி பிரித்துப் பார்த்துவிட்டால்? கஞ்சிப்பசை போட்டு ஒட்டி, மேலே குறுக்காக நானே ஒரு கோடு போட்டேன், பிரித்தால் தெரிவதற்காக. தாளைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சொன்ன பதில்தானே, பார்க்க என்ன இருக்கிறது?

ஆஸ்பத்திரிக்கு சுபியையும் கூட்டிக்கொண்டு வந்தேன். விட்டுவிட்டு வர எனக்கென்ன பைத்தியமா? ராமலட்சுமியும் கூட வந்தாள். கவரை ஷைனி கையில் நானே கொடுத்தேன். கோடு கலையவில்லை, பார்த்துக்கொள் என்றும் சொன்னேன்.

பத்து நிமிடம் இருக்கும். அந்தக் கடைசி அறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தவில்லை, நான் சாத்த விடவில்லை. தாள் மேஜைமேல் விரித்து இருந்தது.

“அக்கா, இதை யார் எழுதினது?”

ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். நான் எழுதவில்லை என்று சொன்னேன். அதைச் சொல்வதற்காகத்தானே சுபியை எழுதவைத்தேன்.

“தெரியுது அக்கா. முப்பத்தாறு வந்திருக்கு.”

நாற்பத்தெட்டுக்கு முப்பத்தாறு. அவள் தாளை என் பக்கம் திருப்பிவைத்தாள். நான் சொன்ன கட்டத்தில் ஒரு டிக் கூட இல்லை. பெரும்பாலும் மார்க் கூடுகிற பக்கம். சுபி அதோடு விடவில்லை, ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னதாக எழுதியும் வைத்திருந்தாள். தூக்கம் வருகிறதா என்ற கேள்வி பக்கத்தில், ‘அம்மா தூங்க மாட்டாங்க. என் கையையும் முந்தானையில் முடிஞ்சுக்குவாங்க.’ பிடித்த வேலையைச் செய்ய முடிகிறதா என்பதற்கு, ‘பச்சை ஜாக்கெட்டை ஒன்பது தடவை பிரிச்சாங்க.’ காரணம் இல்லாமல் பயம் வருகிறதா என்பதற்கு, ‘எப்போதும். கேட்டா ஜாக்கிரதைன்னு சொல்வாங்க.’

ஒன்பது தடவை இல்லை. ஏழுதான். ஷைனியிடம் அதைச் சொன்னேன்.

அவள் ஏழு என்று திருத்தி எழுதிக்கொண்டாள். நிஜமாகவே எழுதினாள். அப்புறம் சொன்னாள், இந்தத் தாள் டாக்டரைத் தவிர யாரிடமும் போகாது, பிள்ளையை யாரும் கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்று. மார்பில் கட்டி வந்தவர்களில் நிறையப் பேருக்கு இப்படி இருக்கிறதாம், கேட்காவிட்டால் யாரும் சொல்வதில்லையாம், அதனால்தான் கேட்கிறார்களாம். தில்லுமுல்லு பண்ணினதற்குத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நம்பியிருப்பேன். ஒரு மாத்திரை எழுதித் தரச் சொல்கிறேன், வாரம் ஒரு தடவை போனில் பேசுவேன், தூக்கம் வர ஆரம்பித்தால் மற்றது மெல்ல அடங்கும் என்றாள்.

அப்படியானால் ராமலட்சுமியிடம் அன்றைக்குத் தண்ணீர் பில்டர் பக்கத்தில் என்ன பேசினாய் என்று நேராகவே கேட்டேன். முகம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டேதான் கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்து, சுடுதண்ணீர் எந்தக் குழாயில் வரும் என்று கேட்டார்கள் அக்கா என்றாள்.

இதை நீங்கள் நம்புவீர்களா?

எல்லாரும் என் முன்னாலேயே பேசட்டும் என்று ராமலட்சுமியையும் சுபியையும் உள்ளே கூப்பிட்டேன். என் வீட்டுக்காரருக்கும் போன் போட்டேன், அதிசயமாகக் கிடைத்தது. ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தேன். பின்னால் லாரி சத்தம். இப்போது சொல்லுங்கள், என் பிள்ளையை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டேன்.

ராமலட்சுமி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. “மதினி, அவ மூணு வாரமா லீவு. அடுத்த வாரம் பரீட்சை. அவ படிப்பு கெட்டுடக் கூடாதுன்னுதான் அன்னைக்கே கேட்டேன். உங்ககிட்டருந்து பிடுங்கணும்னு எனக்கு என்ன விதி?”

பிடுங்கணும் என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லை. கவனியுங்கள். நான் சொல்லாத வார்த்தை அவள் வாயில் எப்படி வந்தது?

என் வீட்டுக்காரர் போனில், ஏய் கனகு, சும்மா இரு, பிள்ளை என்ன சொல்லுதோ அப்படிச் செய்வோம் என்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இந்த ஒரு இடத்தில்தான் அவர்கள் எல்லாரும் தோற்றார்கள் என்று நினைத்தேன். என் பிள்ளையை எனக்குத் தெரியாதா? ஆபரேஷன் நாட்களில் அவள் அப்பாவோடு இருந்ததைத் தவிர, பன்னிரண்டு வருடமாக என்னைவிட்டு ஒரு ராத்திரி இருந்ததில்லை. பள்ளிக்கூட டூர்கூட அனுப்பினதில்லை. நானே சொன்னேன், யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கக் கூடாது, சுபியே சொல்லட்டும், அவள் சொன்னால் சொன்னதுதான், நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று. மேஜைமேல் அடித்தே சொன்னேன். ஷைனி, இதை இன்றைக்கே முடிவு பண்ண வேண்டியதில்லையே அக்கா என்று தடுத்தாள். தடுப்பாள், அவளுக்கும் தெரிந்துவிட்டது, பிள்ளை என் பக்கம் என்று. இல்லை, இன்றைக்கே என்றேன்.

உங்கள் கூட யார் வந்திருக்கிறார்கள்? மகனா? அப்படியானால் நான் ஒன்றுதான் சொல்வேன். தாளை நீங்களே எழுதுங்கள். உங்கள் கையால் எழுதுங்கள். வீட்டில் ஒரு பிள்ளை நம்மை எவ்வளவு பார்க்கிறது என்பது நமக்குத் தெரியாது. பார்க்காதது போலத்தான் இருக்கும். ஹோம் ஒர்க் எழுதிக்கொண்டே பார்க்கும்.

இருங்கள், சொல்லி முடித்துவிடுகிறேன். உங்கள் நம்பரைக் கூப்பிட இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள்.

சுபி எங்கள் யாரையும் பார்க்கவில்லை. ஷைனியைப் பார்த்து, மாத்திரை போட்டால் அம்மா தூங்குவார்களா என்று கேட்டாள். தூங்குவார்கள், ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்றாள் ஷைனி. அவர்கள் தூங்கும்போது யாராவது பக்கத்தில் இருக்க வேண்டுமா என்று கேட்டாள். உன் அப்பா லீவு போட்டு வரட்டும், அது பெரியவர்கள் வேலை என்றாள் ஷைனி. போனில் அவர், வாரேன், வாரேன் என்றார்.

அதற்குப் பிறகு சுபி சொன்னாள். மருந்து முடியும்வரை அத்தை வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் போவதாகச் சொன்னாள்.